அன்னக்கொடி படகுக்கு ஆயில் மாற்றிய விதம்

பொய்யாகச் சுமத்திய பழி பொய்தான் என்று ஊரறிய நிரூபணமான பிறகு, அதைச் சுமந்தவரின் கோபம் எங்கே போகும்? நியாயம் கிடைத்தால் தணிந்துவிடும் என்றுதான் நீதியைப் பற்றி யோசித்தவர்களில் பலரும் நம்பினார்கள். அன்னக்கொடியின் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

கீழக்குயில்குடியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து ஆனையூருக்கு வாழ்க்கைப்பட்டவள். வயது நாற்பத்து நான்கு. ஆனையூருக்கு அப்பால் ஒரு கண்மாயில் மகளிர் குழு படகு விடுகிறது. பன்னிரண்டு பேர் உட்காரலாம். எஞ்சின் பின்னால் தொங்குவதில்லை. படகின் வயிற்றுக்குள், நடுப்பலகைக்கு அடியில் இருக்கிறது. அதை நான்கு வருடம் ஓட்டியவள் அன்னக்கொடி. அபாரமான ஓட்டுநர் என்று சொல்லிவிட முடியாது, திருப்பங்களில் அவசரப்படுவாள். ஆனால் ஒருநாளும் கரையில் இடித்ததில்லை.

நூறு மணி நேரம் ஓடியதும் எஞ்சினுக்கு ஆயில் மாற்ற வேண்டும். அதற்கு வந்துகொண்டிருந்தவன் பாண்டிராஜ், பம்புசெட் மெக்கானிக். கிணற்று மேட்டில் நிற்கும் எஞ்சினுக்கு அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் தானாக வடிந்துவிடும். படகில் அந்த போல்ட்டுக்கும் அடிப்பலகைக்கும் நடுவே விரல்கூட நுழையாது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. குறைந்திருந்த அளவுக்கு மட்டும் புது ஆயிலை மேலே ஊற்றி, "மாத்தியாச்சு" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனான். பழைய ஆயில் உள்ளேயே தங்கிக் கூழானது. ஃபில்டரை அவன் தொடவே இல்லை. இதெல்லாம் பிறகு தெரியவந்தவை.

காணும் பொங்கலன்று, குழந்தைகளோடு பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போன படகு நடுக் கண்மாயில் புகை கக்கி நின்றது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் இறுகிவிட்டிருந்தது. கரையில் கூடிய கூட்டத்தின் முன்னால் பாண்டிராஜ் சொன்னான்:

"ஆயில் மாத்தி இருவது நாள் ஆகல. இந்தம்மா ஆக்சிலேட்டரத் திருகு திருகுன்னு திருகியே கொன்னுருச்சு. பொம்பளைக்கு எதுக்கு எஞ்சின்னு நான் அப்பவே கேட்டேன்."

குழுத் தலைவி சின்னத்தாய் சாவியை வாங்கித் திவ்யாவிடம் கொடுத்தாள். திவ்யா குழுவிலேயே இளையவள். அன்னக்கொடியிடம் ஓட்டக் கற்றவள். அன்னக்கொடிக்குக் கரையில் நின்று லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும் வேலை. பதினாலு மாதம் அதைச் செய்தாள். வருகிறவர்கள் கைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டே, "நீங்கதான எஞ்சின எரிச்ச அக்கா?" என்று கேட்பார்கள். அவள் வாரை ஒரு பிடி கூடுதலாக இழுத்துக் கட்டுவாள்.

எஞ்சினைப் பழுது பார்த்துக் கொண்டுவந்து மாட்டியவனும் பாண்டிராஜ்தான். மறுபடி ஆயில் மாற்ற வந்தபோது அவள் கேட்டாள்:

"அண்ணே, அந்தப் பழைய ஆயில எனக்குக் குடுத்துட்டுப் போங்க. நிலைக்கதவுல கரையான் ஏறுது."

"அது அங்கேயே கொட்டியாச்சு."

எங்கே கொட்டினான்? இந்தப் பக்கம் கழிவு ஆயிலை யாரும் கொட்டுவதில்லை. கரையானுக்கு, வேலிக்காலுக்கு என்று கேட்டு வாங்கிப்போக எப்போதும் ஆள் உண்டு. அவன் ஒரு டப்பாவோடு வந்தான். அதே டப்பாவோடு போனான். எஞ்சினிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை.

அன்றைக்கே வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. டீசல் எஞ்சினில் புது ஆயிலும் இரண்டு நாளில் கறுத்துவிடும். கறுப்பு எதற்கும் சாட்சி ஆகாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. திவ்யாவிடம் நகப்பூச்சு வாங்கி, நடுப்பலகையைத் தூக்கி, ஃபில்டரின் மேல் சிவப்பில் 'பாண்டி' என்று எழுதினாள். பிறகு அடுத்த நூறு மணி நேரத்துக்காக நான்கு மாதம் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில் அவள் முகம் தெளிந்திருந்ததாகச் சின்னத்தாய் சொல்கிறாள்.

அடுத்த முறை பாண்டிராஜ் வந்து, "ஆயில், ஃபில்டர் ரெண்டும் மாத்தியாச்சு" என்று சொன்ன கையோடு, குழுவினர் எல்லோரையும் படகுக்கு அழைத்தாள். அவனையும் போகவிடவில்லை.

"ஃபில்டர் புதுசாண்ணே?"

"பின்ன? பெட்டியப் பிரிச்சு இப்பத்தான் போட்டேன்."

அவள் குனிந்து ஃபில்டரைக் கழற்றி, துணியால் துடைத்து, சின்னத்தாய் கையில் வைத்தாள். சின்னத்தாய் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்.

"கம்பெனிக்காரன் ஓம் பேரயே அடிச்சு அனுப்பிருக்கான் போலயே, பாண்டி!"

சிரிப்பு அடங்குமுன் அன்னக்கொடி வேலையைத் தொடங்கினாள். வாங்கி ஒளித்து வைத்திருந்த ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவிக் கையாலேயே இறுக்கினாள். ஆயில் இளகுவதற்காக எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினாள். அளவு பார்க்கும் குச்சியை உருவி, அந்தத் துளை வழியாக மெல்லிய குழாயை அடிவரைக்கும் இறக்கி, கைப்பம்பால் உறிஞ்சினாள். செல்போனில் பார்த்துக் கற்றது. ஐந்து லிட்டரும் வந்தது, கரகரப்போடு. ஒரு சொட்டும் தண்ணீரில் விழவில்லை. புதுசு ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி, குச்சியைத் துடைத்து மறுபடி விட்டு அளவு பார்த்தாள்.

சாவி திரும்ப வந்தது. பிள்ளைகளை நடுத்தண்ணீரில் தவிக்க விட்டதற்குப் பாண்டிராஜ் மேல் போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள் குழுவினர். அன்னக்கொடி வேறொன்று கேட்டாள்.

"நான் பதினாலு மாசம் ஜாக்கெட்டு மாட்டுனேன். இவரு பதினாலு ஞாயித்துக்கெழம மாட்டட்டும்."

பாண்டிராஜ் சம்மதித்தான். வேறு வழியில்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதன், தொப்பையோடு குனிந்து சின்னப் பிள்ளைகளுக்கு வார் கட்டினான்.

"வாங்க மெக்கானிக்கு, நாலாம் நம்பர் ஜாக்கெட்டு பிஞ்சிருக்காம். அதுக்கும் மேல ஆயில் ஊத்தி விட்ருவீகளோ?" என்று சுக்கானில் உட்கார்ந்தபடியே அவள் கேட்பாள். பம்புசெட் வைத்திருக்கும் விவசாயிகள் ஞாயிறு மாலைகளில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். யார் வந்தாலும், அவன் என்ன செய்தான் என்பதை அவளே முதலிலிருந்து சொன்னாள். பத்தாவது வாரம் சின்னத்தாயே, "போதும் அன்னம், விட்ரு" என்றாள். "எனக்கு யாரும் போதும்னு சொல்லலயே மதினி" என்றாள் அவள்.

பதினாலாவது ஞாயிறு. ஆயில் மாற்ற வேண்டிய முறையும் அன்றைக்கே வந்தது. பாண்டிராஜ் அவள் முன்னால் வந்து நின்றான்.

"இந்த ஒரு தடவ நான் மாத்துறேன் தாயி. எல்லாரும் பாக்கட்டும். தொழில் பண்றவன், பேரு போயிருச்சுன்னா ஒண்ணுமில்ல."

அவள் பம்பை நீட்டினாள். அவன் எஞ்சினைச் சூடாக்கினான். குழாயை இறக்கினான். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினான். ஃபில்டரைக் கழற்றி எல்லோருக்கும் காட்டிவிட்டுப் புதியதைப் போட்டான். ஐந்து லிட்டர் ஊற்றி, ஓட்டி நிறுத்தி, அளவு பார்த்தான். ஒரு குறையும் இல்லை. வியர்வை சொட்ட நிமிர்ந்தபோது திவ்யாதான் முதலில் கை தட்டினாள். இன்னும் சிலரும் தட்டினார்கள்.

அன்னக்கொடி குச்சியை உருவிப் பார்த்தாள். சரியாக இருந்தது. தலையை அசைத்தாள். பிறகு குழாயை அதே துளையில் இறக்கினாள். அவன் ஊற்றிய ஐந்து லிட்டரையும் ஒரு சுத்தமான டப்பாவில் உறிஞ்சி எடுத்தாள். கொஞ்ச நேரமானது. பிறகு அதே ஆயிலை, அதே எஞ்சினுக்குள், தன் கையால் மறுபடி ஊற்றினாள்.

பாண்டிராஜ் கடைசி வரைக்கும் நின்று பார்த்தான். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு, பலகையை மூடி, சவாரிக்கு ஆட்களைக் கூப்பிட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று சின்னத்தாய் பலமுறை கேட்டுவிட்டாள். அவள் சொன்னதில்லை.