ஐஸ் பெட்டிக்குள் போன ஓர்க்கிட்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் எண்பதுகளின் நடுவில், இணுவிலிலிருந்து மானிப்பாய் வரை ஓர்க்கிட் என்றால் என் வளவைத்தான் காட்டுவார்கள். அதில் ஒன்று வேறெவரிடமும் இல்லாத நிறம். வெள்ளையென்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல ஊதாவாகும். அந்தச் செடி அழுகத் தொடங்கியதும், கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் வேலைசெய்த என் அக்காவின் மகனிடம் அதன் குருத்தைக் கொடுத்துவிட்டேன். தாய்ச்செடி செத்தது. ஒரு வருடம் கழித்து அவனிடமிருந்து மூன்று போத்தல்கள் வந்தன. உள்ளே கண்ணாடிபோன்ற கூழில், அந்தக் குருத்திலிருந்து முளைத்த நெல்லளவு பச்சைக் குஞ்சுகள். அந்த நிறம் இனி அந்தப் போத்தல்களுக்குள் மட்டும்தான்.

வெளிநாடுகளில் குருத்துகளைக் கடுங்குளிரில் உறையவைத்து, வருடக்கணக்காகத் தூங்கவிட்டு எழுப்புகிறார்களாம் என்றும் அவன் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து என் கனவெல்லாம் பனிக்குள் கண்மூடிக் கிடக்கும் பூக்கள். வெயில் சூட்டில் குஞ்சுகள் வெளிறுவதுபோல் தெரிந்தபோது, படித்தவனால் முடிந்தது என்னால் முடியாதா என்று மயிலிட்டி மீன்துறைக்கு ஐஸ் வாங்கச் சைக்கிளை உழக்கினேன்.

அங்கே வள்ளக்காரர் ஒருவர் மீன்பெட்டியில் மரத்தூள் போட்டு ஐஸ் அடுக்கித் தந்தார்.

“அண்ணை, பூவுக்கு ஐஸ் வைக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன். உது செத்தால் கருவாடும் போடேலாது.”

“பாத்துக்கொண்டிரும். நூறு வருசம் வைச்சுக் காட்டுறன்.”

வீடு வந்தால் வேலிப் படலையை மறித்தபடி மனைவி. கோயிலில் கொடியேறிய நாள் அது. கொடி இறங்கும்வரை எங்கள் வீட்டில் மீனோ மச்சமோ இல்லை.

“இஞ்சேருங்கோ, உந்த மீன்பெட்டி உள்ளை வரக்கூடாது.”

“இது பூப்பெட்டியப்பா.”

“மணந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ.”

போத்தல்களையாவது எடுத்துத் தா என்றேன். இரண்டைத் தந்தாள். மற்றது சாமியறையில் இருக்கிறது, அதை மீன் நாற்றத்துக்குள் விடமாட்டேன் என்றாள். இரண்டையும் வேலிக்கு வெளியே பூவரச நிழலில் ஐஸுக்குள் புதைத்தேன்.

மூன்றாம் நாள் திறந்தால், குஞ்சுகள் அவிந்த கீரைபோலக் கறுத்துக் கிடந்தன. கால் கழுவிக்கொண்டு சாமியறைக்குள் போனேன். யன்னல் வெளிச்சத்தில் போத்தலின் உட்புறமெல்லாம் பனித்துளி. அதற்குள் ஏழு குஞ்சுகள், மழைவிட்ட காட்டைப்போல மினுங்கின. ஒன்று புதிதாய் வேர் விட்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

திருவிழா முடிந்தும் அதை நகர்த்தவில்லை. காலையும் மாலையும் குளித்துவிட்டு முன்னால் போய் நின்றேன். நான் பக்தனாகிவிட்டேன் என்று ஊரில் கதைத்தார்கள். நான் கும்பிட்டது போத்தலைத்தான். ஏழில் ஐந்தைக் கரித்துண்டிலும் தேங்காய்ப் பொச்சிலும் வளர்த்து அதே நிறத்தில் பூக்கவைத்தேன். அக்காவின் மகனே வந்து பார்த்து வாய் பிளந்தான். அவனுக்கு மனைவி தேத்தண்ணி கொடுத்தபடி, “மாமா ஐஸிலை வைச்சு வளத்தவர்” என்றாள். நானும் ஓம் என்றேன்.