மந்திரிக்கு முந்திப் போனவர்

மாரண்டஹள்ளிப் பக்கம் ஓடைக்கு ஒரு கரையில் தெரசாவின் ஊர். சந்தை, ஆஸ்பத்திரி, கல்லறைத் தோட்டம் எல்லாம் எதிர்க்கரையில். தக்காளி விற்கவும் ஓடையில் இறங்க வேண்டும், செத்தால் அடக்கமாகவும் இறங்க வேண்டும்.

அவள் மாமனார் ஸ்தனிஸ்லாஸ் பாலம் கேட்டு மனு கொடுத்தே கிழவரானவர். கடைசியில் வேலை தொடங்கியதும் விடிந்தால் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். தெரசா களி உருண்டையைத் தூக்கில் வைத்து அங்கேயே கொண்டு போவாள்.

"கம்பி கட்டறவங்களுக்கு நீங்கதான் மேஸ்திரிங்களா, மாமா?" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

பாலம் முடிந்தது. வெள்ளையடித்து, விளக்கும் போட்டு, யாரும் ஏறாதபடி இரண்டு முனையிலும் முள்ளை வெட்டிப் போட்டார்கள். திறந்துவைக்க மந்திரிக்குத் தேதி கிடைக்கவில்லையாம். மாவட்டத்தில் ஒரு கல்யாணம் விடாமல் போய்வந்தவருக்கு இதற்கு மட்டும் நேரமில்லை. சனங்கள் வழக்கம்போல ஓடையிலேயே நடந்தார்கள். பாலத்து நிழல் வெயிலுக்கு இதமாக இருப்பதாக நன்றியோடு ஒப்புக்கொண்டார்கள்.

ஐப்பசி மழையில் ஸ்தனிஸ்லாஸ் இறந்துபோனார். ஓடையில் மார்பளவு வெள்ளம். சவப்பெட்டியோடு ஊரே பாலத்து முனையில் வந்து நின்றது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பிரபாகர் ஓடிவந்து, முதல் காலடி மந்திரியுடையதாகத்தான் இருக்கணும் என்று பணிவாக விளக்கினான்.

"எங்க மாமனார் திரும்பி வரமாட்டாருங்க. ஒரே ஒருக்கா போறதுக்குத்தான் கேக்கறோம்" என்றாள் தெரசா.

அவன் யார் யாருக்கோ போன் போட்டான். ஒருவரும் எடுக்கவில்லை. தெரசா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு முள்ளை இழுத்தாள். பிறகு எல்லாக் கைகளும் சேர்ந்தன. பிரபாகர் முகத்தைத் திருப்பி விளக்குக் கம்பத்தை அக்கறையாகச் சோதித்தான்.

நடுப்பாலத்தில் யாரும் சொல்லாமலே பெட்டி நின்றது. கீழே செந்தண்ணீர் இரைந்து ஓடியது. தெரசாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் அழுகை.

சேதி தருமபுரிக்கு எட்டியதும், மாசக்கணக்கில் கிடைக்காத தேதி ஒரே வாரத்தில் கிடைத்தது. பிணம் போன தீட்டுக்குப் பாலத்தை டேங்கர் தண்ணீரால் கழுவினார்கள். குடிதண்ணீர் வராத ஊர் அதை வேடிக்கை பார்த்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். இந்தப் பாலத்தில் முதலில் நடந்தவன் என்ற பெருமை தனக்குப் போதும் என்றார் மந்திரி. பலத்த கைதட்டல்.

தெரசா தட்டவில்லை. தக்காளிப் பெட்டிகள் கட்டிய மொபெட்டோடு போலீஸ் கயிற்றுக்குப் பின்னால் காத்திருந்தாள். கார்கள் போய்க் கயிறு அவிழ்ந்ததும், பூசணித் துண்டுகளை வளைத்து ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள். அன்றைக்குச் சேலை நனையவில்லை.