ஆமைக்கு நாலு பக்கம்

எங்கள் டோங்கா அரண்மனையின் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார்கள். கப்பலில் வந்திறங்கிய பலகைகள், கூரையைப் பிய்த்த புயல், மன்னர்கள், அரசிகள் எல்லாம் அதில் உண்டு. எப்போதோ செத்துப்போன தோட்டத்து ஆமைக்கு மட்டும் நாலு பக்கம், படத்தோடு. பிரபுப் பட்டம் பெற்ற ஆமை அது. ஒரு தூதரின் செருப்பைத் தின்றுவிட்டுத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டதாக ஊரெல்லாம் சொல்லி வைத்தவளே நான்தான். அதையும் வரலாறு என்று அச்சடித்துவிட்டார்கள்!

மெலெனைதேவுக்கு ஒரு வரி இல்லை. முப்பத்தெட்டு வருடம் அந்த வீட்டுத் துணிகளைத் துவைத்தவள். புயலன்று முடிசூட்டுப் பாயைத் தலையில் சுமந்து கழுத்தளவு கடல்நீரில் நடந்தவள். ஆமைக்குப் பப்பாளி ஊட்டும் படத்தில் இருப்பது அவள் கை. மணிக்கட்டோடு வெட்டிவிட்டார்கள்.

வெளியீட்டுக்கு முன்பே ஒரு பிரதி பள்ளிக்கூடத்துக்குப் போனது. அவள் தம்பி மகள் அழுதுகொண்டே வந்தாள்.

"அத்தை, நீ அங்க வேலை பார்த்ததே பொய்யாம். கிளாஸே சிரிக்குது."

அத்தையின் சொல்லுக்கு மறுசொல் இல்லாத ஊரில் இப்படி ஒரு பேச்சு! மெலெனைதே நேரே புத்தகம் எழுதிய செயலாளர் சியோசையாவிடம் போனாள்.

"ஐயா, என் பேரு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலம்மா. வேலைக்காரங்களை எல்லாம் எழுதினா புத்தகம் தாங்குமா?"

"ஆமையைத் தாங்குச்சே?"

"அது பிரபு."

என்ன திமிர்! அந்த ஆளின் காலர் விறைப்பாக நிற்பதே அவள் போட்ட கஞ்சியில்தான்.

வெளியீட்டு நாளன்று அரண்மனைப் புல்வெளியில் சுட்ட பன்றிகள் வரிசையாகக் கிடந்தன. எங்கள் ஊர் மரியாதைப்படி எல்லோரும் உடுப்புக்கு மேல் இடுப்பில் நல்ல பாய் சுற்றி வந்திருந்தோம். மெலெனைதே மட்டும் மார்பிலிருந்து கணுக்கால்வரை நார் நாராகக் கிழிந்த பெரிய பாயைக் கட்டிக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தாள். நம்மைவிடப் பெரியவர் செத்தால்தான் அதைக் கட்டுவோம். இழவு யாருக்கு என்று தெரியாமல் யார் சோற்றில் கை வைப்பது? கவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள்.

இளவரசி பதறிப்போனார். "யாரு போயிட்டாங்க, மெலெனைதே?"

"இந்த வீட்டுல முப்பத்தெட்டு வருஷம் இருந்த ஒருத்திம்மா. புத்தகம் முழுக்கத் தேடினேன், ஆளையே காணோம். செத்துட்டா போலன்னு அழ வந்தேன்."

"யாரு அவ?"

"நான்தாம்மா."

சியோசையா குறுக்கே பாய்ந்தார். "உயிரோட இருக்கறவளுக்கு ஏது இழவு?"

"அதத்தான் ஐயா நானும் கேக்கறேன்."

இளவரசி சிரிக்கவில்லை. "சியோசையா, பேனா இருக்கா? இருநூறு புத்தகத்துலயும் எழுதுங்க. எழுதி முடிச்சாத்தான் விருந்து."

சியோசையா புல்லில் சப்பணமிட்டு, வெட்டுப்பட்ட அந்த மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு பிரதியிலும் அவள் பெயரை எழுதினார். பன்றித்தோல் ஆறிச் செருப்பாகிவிட்டது. ஆமை இருந்தால் தின்றிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து வரவழைத்த பிரதியையும் கையில் வாங்கிப் பார்த்த பிறகே மெலெனைதே பாயை அவிழ்த்தாள்.

"இப்ப சாப்பிடுங்க."

மறுநாள் காலை அரண்மனைச் சமையல்காரன் விலியாமி அந்தப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வாசலில் நின்றான். கிழிந்த பாய் இருக்கிறதா என்று கேட்டான். இருப்பதிலேயே மோசமானதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.