நேரமின்மை காரணமாக நிறுத்திய பாட்டு

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவில், எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கக் கலைவிழாவில் நடந்தது இது. அந்தப் பாடசாலையில் நான் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்தவன். கனடா வந்த பிறகு, ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இரும்புத் தகடு அழுத்தும் மெஷினில் நின்றேன். ஆனால் சங்கத்தில் யாரைக் கேட்டாலும் "மாஸ்டருக்குக் கொம்பனி ஒண்டிலை ஒபீஸ் வேலை" என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்லி வைத்தவன் நான்தான். சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டிடத்திலிருந்து இஸ்திரி போட்ட சேட்டுடன் இறங்குவேன். தொழிற்சாலைக்குப் போய்த்தான் ஓவரோலுக்கு மாறுவேன். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் அதே கட்டிடத்தில் இருந்தார்கள், என்ன செய்வது!

பக்கத்து மெஷினில் நின்றவர் ஒரு வெள்ளைக்காரர். கிழமை நாட்களில் இரும்பு, சனி ஞாயிறுகளில் கித்தார். ஒஷாவாவின் மதுச்சாலைகளிலும் தொழிற்சங்க ஒன்றுகூடல்களிலும், தானே எழுதிய பாட்டுகளைப் பாடுவார். எல்லாம் எங்களைப் போன்றவர்களைப் பற்றியவை. வேலை போனவன், முதுகு பிடித்தவன், ஓவர்டைம் செய்து மகளின் பிறந்தநாளைத் தவறவிட்டவன். ஒருமுறை இசைத்தட்டு வெளியிடும் கம்பனி ஒன்று அவரைக் கூப்பிட்டது. ஆலை மூடியதைப் பற்றிய ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும் என்றார்களாம். "நடந்ததை நடக்கவில்லை என்று எப்படிப் பாடுவது?" என்று கேட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டார். வாய்ப்பும் அதோடு போயிற்று. எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஒரே ஒரு வரிதானே!

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், எனக்காக ஒரு பாட்டு எழுதியிருப்பதாகச் சொல்லி மெதுவாகப் பாடிக் காட்டினார். கரும்பலகை முன் வெண்கட்டி பிடித்த கை இன்று இரும்பைப் பிடிக்கிறது, ஆனாலும் அந்தக் கைக்கு இன்னும் கணக்குத் தெரியும் என்று போனது அது. என் கண் கலங்கிவிட்டது. சாப்பாட்டுப் பெட்டியை மூடுவதுபோல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அந்த வருடக் கலைவிழாவுக்கு ஒரு வெள்ளைக்காரரின் நிகழ்ச்சி இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று சங்கத் தலைவர் ஆசைப்பட்டார். "எனக்கு ஒரு பாடகரைத் தெரியும்" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அறிவிப்பாளரும் நானே. ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். அவர் தோய்த்து இஸ்திரி போட்ட நீலச் சேட்டுடன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் கொடுத்த வடையை இருவரும் ரசித்துச் சாப்பிட்டார்கள்.

முதல் பாட்டுக்கு நல்ல கைதட்டல். பிறகு ஒலிவாங்கிக்கு அருகே வந்து, "அடுத்த பாட்டு என்னோடு வேலை செய்யும் என் நண்பரைப் பற்றியது" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். முன்வரிசையில் என் பழைய மாணவர்கள். சற்று முன்னர்தான் அவர்களில் ஒருவன், "சேர், உங்கடை ஒபீஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டு, நான் மழுப்பியிருந்தேன். வெண்கட்டியும் இரும்பும் இப்போது எல்லார் காதிலும் விழப்போகின்றன. கித்தாரில் இரண்டு தட்டுத்தான் தட்டியிருப்பார். நான் மேடைக்கு ஓடிப்போய், "நேரமின்மை காரணமாக இந்த நிகழ்ச்சியை இத்துடன் நிறைவு செய்கிறோம்" என்று அறிவித்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு தலையாட்டிக்கொண்டு இறங்கினார். தலைவர் அவசர அவசரமாகப் பொன்னாடை போர்த்தினார். அந்த நேரம் பார்த்துத் தலைவருக்கு யாரோ வந்து காதில் ஏதோ சொல்ல, அவர் என்னிடம் ஓடிவந்தார். "மாஸ்டர், டான்ஸ் பிள்ளையளுக்கு இன்னும் சலங்கை கட்டி முடியேல்லை. ஒரு பத்து நிமிசம் எதையாவது கதைச்சுச் சமாளியுங்கோ."

நேரமில்லை என்று சொன்ன அதே வாயால் பத்து நிமிடம் பகிடி சொன்னேன். மேடையின் ஓரத்தில், பொன்னாடையோடு, அவர் கித்தாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். என் தமிழ் அவருக்கு விளங்காவிட்டாலும், மேடை வெறுமையாகக் கிடந்தது விளங்காதா?

திங்கட்கிழமை அவர் முகத்தில் விழிக்கப் பயந்துகொண்டே போனேன். அவர் வழக்கம்போல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானாகத்தான், "பாட்டை நிறுத்தியதற்கு மன்னித்துக்கொள்" என்று முணுமுணுத்தேன். சேட்டுப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துத் தந்தார். பென்சிலில் எழுதிய அந்தப் பாட்டு. வெண்கட்டி வரி வெட்டப்பட்டிருந்தது. இரும்பு வரியும் வெட்டப்பட்டிருந்தது. மேலே புதிதாக எழுதியிருந்தார்: மாடியில் ஒபீசில் இருக்கும் என் நண்பன், சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கி எங்களோடு சேர்ந்து சாப்பிடுவான்.

"சாப்பாட்டறைத் தொலைபேசியில் நீ உன் ஆட்களோடு பேசும்போது எனக்கு விளங்குவது ஒரே ஒரு சொல்தான். ஒபீஸ்" என்றார். "அவர்கள் முன்னால் உனக்குக் கஷ்டம் வரக்கூடாது என்று விழாவுக்கு முதல் நாளே மாற்றினேன்."

கம்பனி கேட்டும் ஒரு வரியை மாற்றாத மனிதர்! எனக்காக, நான் கேட்காமலே, தன் பாட்டில் பொய் எழுதியிருந்தார். அந்தப் பொய்யைக்கூட நான் பாட விடவில்லை. நிலம் பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்றிருந்தது. மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதேன்.

இரண்டு வருடம் கழித்து அவர் வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகப் பாடப் போனார். சொந்தமாக ஒரு பாட்டுக் கசற் வெளியிட்டார். வானொலியிலும் அவர் குரல் வரத் தொடங்கியது. அந்தக் கசற்றில் என் பாட்டு இல்லை. ஏன் என்று தொலைபேசியில் கேட்டேன். "வெண்கட்டியோடு பாட நீ சம்மதம் சொல்ல வேண்டும். ஒபீசோடு பாட எனக்கு மனமில்லை. ஒரு மேடைக்குத்தான் அந்தப் பொய்" என்றார். "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். சொல்லவேயில்லை.

இப்போது எனக்கு ஓய்வு வயது. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் நகரில் மகனோடு இருக்கிறேன். என் மருமகள்கூட நான் ஒபீசில் வேலை செய்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதை எழுதி முடித்து அவளிடமே கொடுத்துத்தான் தட்டச்சுச் செய்விக்கப் போகிறேன். அதன் பிறகு அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அன்று நான் கொடுக்காத சம்மதத்தை, பாட அவருக்கு இன்னும் குரல் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.