கொளுத்திப் பார்த்த விரிப்பு

இன்று இங்கே வியட்நாமில், சோலோன் சந்தையில் படுக்கை விரிப்பு வாங்கப் போனேன்.

"சுத்தமான காட்டன்" என்றார் கடைக்காரம்மா.

நான் பெண் எடுத்தது கரூரில். விரிப்பு விஷயத்தில் யாரையும் நம்ப மாட்டேன்.

ஓரத்தில் ஒரு நூலை உருவி, லைட்டரால் கொளுத்தினேன். காட்டன் என்றால் சாம்பலாகும். பாலியெஸ்டர் என்றால் உருகி உருண்டையாகும்.

சாம்பல்தான். அப்போதும் சந்தேகம் தீராமல் மறு ஓரத்திலும் ஒரு நூல் உருவினேன். அதுவும் சாம்பல்.

கடைக்காரம்மா வியட்நாமிய மொழியில் கேட்டார்: "உங்க வீட்டு விரிப்பையும் இப்படித்தான் கொளுத்திப் பாத்தீங்களா?"

"அது எங்க ஊர்லேர்ந்து வந்தது" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. "அசல் காட்டன் மாப்ளே" என்று கரூரிலிருந்து மச்சான் அனுப்பிய விரிப்பில் நாலு நூலை உருவிக் கொளுத்தினேன்.

கடுகு அளவில் ஒரு கறுப்பு உருண்டை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, பிளாஸ்டிக் கருகுற வாசம் வருதே?"

"பக்கத்து வீட்டுல" என்றேன். அவளுடைய அண்ணன் ஆயிற்றே.

என் பதிவுகளுக்கெல்லாம் முதல் லைக் மச்சானுடையதுதான். இன்று வருகிறதா, நீங்களும் கொஞ்சம் பாருங்கள்.