பின்சுவர் ஏறி வந்த கொத்தனார்

எங்கள் வீட்டில் எது பழுதானாலும் அப்பாதான் வைத்தியர். ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். ஆலையை மூடியபின் ஒரு பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். "தறியையே பிரிச்சு மாட்டினவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று ஸ்பேனரோடு உட்கார்ந்துவிடுவார். அவர் வைத்தியம் பார்த்த பிறகு, குளியலறை விளக்கு எரிய அடுப்பங்கரை ஸ்விட்சைத் தட்ட வேண்டியிருந்தது. கருவடிக்குப்பத்திலேயே இப்படி ஒரு வீடு எங்களுடையதுதான் என்று அம்மா சொல்வாள். பெருமையாக அல்ல.

இத்தனைக்கும் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி கொத்தனார். கூப்பிடு தூரத்தில்தான் வீடு. ஆனால் எங்கள் வாசற்படியை அவர் மிதிப்பதில்லை. எல்லாம் எனக்குக் காது குத்திய அன்று வந்த வினை. முதல் பந்தியில் இலைமுன் உட்கார்ந்திருந்த சித்தப்பாவைத் தோளைத் தொட்டு எழுப்பி, "நீ அடுத்த பந்தில உக்காருடா" என்று சொல்லி, அந்த இடத்தில் தெருக்கோடி சொல்தா தாத்தாவை அப்பா உட்கார வைத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர்களுக்கு விசேஷ வீடுகளில் தனி மரியாதை. தம்பி நம்ம ஆள்தானே, எழுந்தால் என்ன என்பது அப்பாவின் நினைப்பு. போட்ட இலையிலிருந்து எழுப்பினால் எவனுக்குத்தான் பொறுக்கும்? "இனிமே உன் வாசப்படிய மிதிச்சா என்னை ஏன்னு கேளு!" என்று கத்திவிட்டுப் போனவர்தான். அதன்பின் தெருவில் எதிரெதிரே வந்தால் இருவரும் மின்கம்பத்துக் காக்காயைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

நான் மூன்றாவது படிக்கும்போது அக்காவுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பிள்ளைச்சாவடியிலிருந்து வேன் நிறைய வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். எங்களுடையது ஓட்டு வீடு, முன்னறை சின்னது. நடுச்சுவரை இடித்துவிட்டால் இரண்டு அறையும் ஒரே கூடமாகிவிடும் என்று அப்பாவுக்குத் தோன்றியது. கூரையைத் தாங்கும் உத்திரம் அந்தச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

"அடுத்த தெருவுல வேற மேஸ்திரி இருக்காரு, கூப்புடுங்க. இது ஒண்ணும் குழா இல்ல, வூடு!" என்றாள் அம்மா.

"எவனும் வர வேணாம். நான் பாத்துக்கிறேன்."

அம்மா சுவரிலிருந்த முருகன் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள். மனுஷனை நகர்த்த முடியாது, சாமியையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா பட்டறையிலிருந்து லாரி ஜாக்கி கொண்டுவந்தார். அதன்மேல் ஒரு மரத்தூணை நிறுத்தி உத்திரத்துக்கு முட்டுக்கொடுத்தார். லாரியையே தூக்குகிற ஜாக்கி நாலு ஓட்டைத் தாங்காதா? ஃபிட்டர் மூளை அப்படித்தான் போகும். ஜாக்கிக்குக் கீழே இருந்தது மெல்லிசான சிமெண்டுத் தரை என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை.

சம்மட்டி அடியில் சுவரின் நடுப்பகுதி விழுந்த கொஞ்ச நேரத்தில் தரை படக்கென்று வெடித்தது. ஜாக்கி ஒருபக்கமாகப் புதைந்து சாய்ந்தது. உத்திரம் முனகியது. சடசடவென்று ஓடுகள் சரிந்தன. அப்பா சம்மட்டியை வீசிவிட்டுத் தூணை மார்போடு கட்டிப்பிடித்து, தோளைக் கொடுத்து நின்றார்.

"வெளிய போங்க எல்லாரும்!"

அக்கா என்னைத் தரதரவென்று தோட்டத்துக்கு இழுத்துப் போனாள். பின்கதவு வழியே அப்பா தெரிந்தார். தலைமேல் தூசி நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா செத்துப்போய்விடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது; அழக்கூட வரவில்லை.

"அத்த வுட்டுட்டு ஓடியாங்க!" அம்மா அலறினாள்.

"வுட்டா மொத்தமும் என் மேல வந்துடும்டி!"

அம்மா தெருப்பக்கம் திரும்பியதுமே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "அவங்கிட்ட மட்டும் போவாத!" என்று அந்த நிலைமையிலும் கத்தினார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சித்தப்பா வீட்டுக்கு ஓடினாள்.

சித்தப்பா வந்தார். ஆனால் வாசல் வழியாக அல்ல. முதலில் பின்சுவருக்கு மேலாகச் சவுக்குக் கழிகள் வந்து விழுந்தன, பிறகு பலகைகள், பிறகு கைலியை மடித்துக் கட்டிய சித்தப்பா, அவருக்குப் பின்னால் அவருடைய ஆட்கள். அண்ணன் உயிருக்குப் போராடினாலும் ரோஷம் ரோஷம்தானே!

உள்ளே போனவர் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கதவோரம் இருந்த என்னைப் பார்த்தார். "பாப்பா, உங்கப்பன அசையாம நிக்கச் சொல்லு."

"அப்பா, அசையாம நிக்கணுமாம்!"

"கழிய இன்னும் கிட்டப் போடச் சொல்லு பாப்பா."

"சித்தப்பா, கிட்டப் போடணுமாம்!"

"கொத்தனாரு அவரா நானான்னு கேளு."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆட்கள் தரையில் பலகையைப் போட்டு, அதன்மேல் கழிகளை நிறுத்தி, ஆப்பு அடித்து இறுக்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் உத்திரம் அதிர்ந்தது. திடீரென்று மேலே ஓர் ஓடு நழுவியது.

"அண்ணா, தலையக் குனி!"

ஓடு அப்பாவின் முதுகை உரசிக்கொண்டு விழுந்து சிதறியது. சித்தப்பா சட்டென்று என் பக்கம் திரும்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "குனியச் சொல்லு பாப்பா" என்றார். அப்பா அதற்குள் குனிந்தாகிவிட்டது.

கடைசிக் கழியும் ஏறியபின் கையை எடுக்கச் சொன்னார்கள். அப்பாவால் எடுக்க முடியவில்லை. விரல்கள் விறைத்துப்போயிருந்தன. சித்தப்பாதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து, தோளை அணைத்துத் தோட்டத்துக்குக் கூட்டிவந்து துவைக்கிற கல்மேல் உட்கார வைத்தார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அன்று அப்பாவின் மீசை முழுக்க மண்தான்.

ஆபத்து போனதும் சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாப்பா, கேளு உங்கப்பன. நான்தான் ஆவாதவன். அடுத்த தெரு மேஸ்திரியக் கூப்ட்டிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்? இத்தினி வருஷமா எல்லாத்தையும் தானே நோண்டிக்கினு, இன்னாத்துக்கு இந்த வீம்பு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நேராகச் சித்தப்பாவைப் பார்த்தார்.

"கூடப்பொறந்தவன் கொத்தனாரா இருக்கும்போது வெளியாள வூட்டுக்குள்ள வுட்டா, எனக்குத் தம்பி இல்லன்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடாதாடா?"

வெளியாளைக் கூப்பிடக் காசில்லாததற்கு அப்பா ஏதோ சாக்குச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். சித்தப்பா அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "நாளைக்கு வந்து நடுவுல ஒரு தூண் எழுப்பிடறேன்ணா" என்று சொம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் அதற்குள் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்திருந்தேன். சித்தப்பா திரும்பிப் போகும்போது ஏறுவதற்குச் சிரமப்படக் கூடாதென்று, அடுப்பங்கரை முக்காலியைப் பின்சுவரோரம் இழுத்துப் போட்டு வைத்திருந்தேன். அவரோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, முட்டுக்கழிகளுக்கு நடுவே நடந்து, வாசற்படியை நன்றாக மிதித்துத் தெருவில் இறங்கினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாடுபட்டு முக்காலி போட்டது வீணாகிறதே என்று எனக்கு ஒரே ஆத்திரம். "சித்தப்பா, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!" என்று கத்திக்கொண்டே அவர் பின்னால் ஓடினேன்.