மாமா இரண்டிரண்டாக வாங்கிய சீடிகள்

என் மாமாவைப் போன்ற ஏமாளி டென்மார்க்கிலேயே இல்லை என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கிரின்ஸ்டெட்டில் எங்களோடுதான் இருந்தார், தொழிற்சாலையில் வேலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் காரில் வைலே நகரத்துக்குப் போவோம். அம்மா மரக்கறி வாங்கும் நேரத்தில், மாமா அடுத்த கடையின் மலிவுப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்.

அத்தனையும் ஜாஸ். ஐம்பது வருடத்துக்கு முந்திய நாலு இசைத்தட்டுகளை இரண்டு சீடியில் அடக்கி, மெல்லிய அட்டை போட்டு விற்பார்கள். உள்ளே ஒரு படம்கூட இருக்காது. அதைப் போய் மனிதர் இரண்டிரண்டாக வாங்குவார்.

“மாமா, ரெண்டும் ஒண்டுதானே?”

“ஓம் பிள்ளை, தெரியும்.”

ஒன்றைப் பிரித்துப் போட்டுக் கேட்பார். “மச்சான், உந்த ஊதலிலை பீங்கான் எல்லாம் வெடிக்கப் போகுது” என்று அப்பா கத்துவார். மற்றதை மேலுறைகூடப் பிரிக்காமல் சப்பாத்துப் பெட்டி ஒன்றில் போட்டு, அலுமாரிக்கு மேல் வைப்பார். பெட்டி மூடியில் தமிழில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அப்போது டேனிஷ்தான் வாசிக்கத் தெரியும்.

வீட்டில் ஒரு சண்டையும் ஓயாமல் நடந்தது. அம்மாவுக்கு ஒரு அண்ணன், என் பெரிய மாமா. அவரை நான் படத்தில்தான் கண்டிருக்கிறேன்: மூக்குக்கண்ணாடி, மடியில் ஒரு ரேடியோ, பக்கத்தில் அரைக்காற்சட்டையோடு என் மாமா. இலங்கையில் போரின் கடைசி மாதங்களுக்குப் பிறகு பெரிய மாமாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. படத்துக்கு மாலை போட்டு, திவசம் செய்ய வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். உயிரோடு இருக்கிறவருக்கு மாலை போடுவதா என்று மாமா சாப்பாட்டை விட்டு எழுந்து போவார். இரண்டு பேரும் நாட்கணக்கில் கதைக்க மாட்டார்கள்.

அந்தக் கோடையில் எங்கள் செரி மரம் என்றுமில்லாமல் காய்த்தது. பழுக்க முன்னமே பறவைகள் வந்துவிட்டன. மினுங்குகிற பழைய சீடிகளைக் கட்டினால் கிட்ட வராது என்று பக்கத்து வீட்டு டேனிஷ் அம்மா சொன்னார். அப்பாவின் சினிமாப் பாட்டுச் சீடிகளைத் தொட்டால் வீடு ரெண்டுபடும். சப்பாத்துப் பெட்டியில் இருந்தவையோ ஒருவரும் கேட்காதவை, வேண்டாதவை. கதிரை போட்டு ஏறி இறக்கினேன். எல்லாவற்றையும் பிரித்து, கம்பளி நூல் கோர்த்துக் கொப்புக் கொப்பாகக் கட்டினேன். மரம் ஜெகஜோதியாக நின்றது.

மாமா வேலையால் வந்து சைக்கிளைப் பிடித்தபடி மரத்தடியில் நின்றார்.

“எல்லாம் டபிள், மாமா. அதுதான் எடுத்தனான்” என்றேன் பெருமையாக.

ஒன்றை எட்டிப் பிடித்துச் சட்டையில் துடைத்தார். கொப்பில் உரசி அது கீறிப் போயிருந்தது. திரும்பத் தொங்கவிட்டார். ஏச்சு விழும் என்று நினைத்தேன்.

“பரவாயில்லை பிள்ளை. இருக்கட்டும்.”

பிறகு குசினிக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“அக்கா, அண்ணையின்ரை படத்துக்கு மாலை போடுவம்.”

அம்மா அகப்பையைப் போட்டுவிட்டு விம்மி விம்மி அழுதார். இவ்வளவு நாளும் கேட்டது கிடைத்த பிறகும் ஏன் அழுகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

நான் தமிழ் வாசிக்கப் பழகியது பிந்தித்தான். மாமா சில்க்போர்க்குக்கு வீடு மாறியபோது அந்த வெறும் பெட்டி என் கையில் அகப்பட்டது. மூடியில் எழுதியிருந்தது: ‘அண்ணை வந்தால் குடுக்க.’ அலுமாரியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்தக் கோடைக்குப் பிறகு மாமா எந்தச் சீடியையும் ஒன்றுக்கு மேல் வாங்கவில்லை. மாமாவுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தான்.